லிங்க் எங்கே திறக்கிறது? ஆப்புக்குள்ளேயா, ப்ரௌசரிலேயா?



முன்பெல்லாம் நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன், தீர்மானப் புத்தகம், இவைதான் பேச்சாக இருக்கும். இப்போது கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் ஒருத்தியாவது செல்போனை நீட்டி, "எக்கா, இந்த லிங்க்கை அமுக்கலாமா?" என்று கேட்கிறாள். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு அடுத்து இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. அமுக்கினால் அது எங்கே திறக்கிறது? இந்தப் பாடம் அதைப் பற்றியது.

ஒரே பக்கம், இரண்டு இடம்

இணையப் பக்கத்தைப் பார்க்க போனில் தனியாக ஒரு ஆப் இருக்கிறது. அதற்குப் பெயர் ப்ரௌசர். தமிழில் உலாவி என்று எழுதுவார்கள். நம்மில் பெரும்பாலோர் போனில் இருப்பது குரோம். சாம்சங் போனில் சாம்சங் இன்டர்நெட் என்று ஒன்றும் சேர்ந்து வரும். இரண்டு மூன்று ப்ரௌசர் இருந்தாலும், லிங்க்கை அமுக்கியதும் தானாகத் திறப்பதற்கு ஒன்றைத்தான் போன் குறித்து வைத்திருக்கும். அதுதான் டீஃபால்ட் ப்ரௌசர்.

இப்போது பேஸ்புக்கில் ஒரு விளம்பரத்தைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "குறைந்த வட்டியில் மகளிருக்குக் கடன், இங்கே அமுக்கவும்" என்று இருக்கிறது. அமுக்குகிறீர்கள். ஒரு பக்கம் திறக்கிறது. பார்த்தால் இணையப் பக்கம்தான். ஆனால் நீங்கள் பேஸ்புக்கை விட்டு வெளியே வரவே இல்லை. மேலே ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதை அமுக்கினால் திரும்பவும் பேஸ்புக்கிலேயே நிற்பீர்கள். அந்த ஆப் தனக்குள்ளேயே ஒரு சின்ன ப்ரௌசரை வைத்திருக்கிறது, அதிலேதான் பக்கம் காட்டியது. இதற்கு வெப்வியூ என்று பெயர். அதே லிங்க்கைக் குரோமில் திறந்தாலும் அதே எழுத்து, அதே படம்தான் வரும்.

அப்புறம் என்ன வித்தியாசம்? நம் வீட்டு நடையிறங்கித் தெருவுக்குப் போய் ஒரு வங்கியைப் பார்ப்பதும், இன்னொருவர் வீட்டுக்குள் உட்கார்ந்து அவர் வைத்த சன்னல் வழியாக அதே வங்கியைப் பார்ப்பதும் ஒன்றாகுமா? தெருவில் நின்றால் பெயர்ப் பலகை நம் கண்ணுக்குத் தெரியும். சன்னல் வழியே பார்த்தால், சன்னல்காரர் காட்டுகிற அளவுதான் தெரியும். பலகையை மறைத்துச் சன்னல் வைத்திருந்தால் மறைந்ததுதான். நாம் சன்னலோரம் உட்கார்ந்து எழுதுவதை அவர் பின்னால் நின்று எட்டிப் பார்க்கவும் முடியும்.

கடைசியில் சொன்னது வெறும் உவமை இல்லை. வெப்வியூவில் திறக்கும் பக்கத்துக்குள் அந்த ஆப் தன்னுடைய கட்டளைகளைச் செருக முடியும். நாம் எதைத் தொடுகிறோம், எந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறோம் என்பதையும் படிக்க முடியும். ஃபெலிக்ஸ் க்ரவுசே என்ற மென்பொருள் வல்லுநர் 2022 ஆகஸ்டில் இதைச் சோதித்து வெளியிட்டார். இன்ஸ்டாகிராம், பேஸ்புக் ஆப்கள் தங்களுக்குள் திறக்கும் வெளிப் பக்கங்களில் கட்டளைகளைச் செருகுவதை அவர் காட்டினார். டிக்டாக் ஆப்பின் உள் ப்ரௌசரில், தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் கவனிக்கக்கூடிய கட்டளை இருப்பதையும் காட்டினார். பயனாளிகளின் விருப்பத்தை மதிப்பதற்காகவே என்று மெட்டா நிறுவனம் சொன்னது. பழுது பார்ப்பதற்கு மட்டுமே, எழுத்தைச் சேகரிப்பதில்லை என்று டிக்டாக் சொன்னது. டிக்டாக் நம் நாட்டில் 2020 ஜூன் 29 அன்றே தடை செய்யப்பட்டுவிட்டது. அவர்கள் எதற்காக வைத்தார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எட்டிப் பார்க்க முடியும் என்பது ருசுவாகிவிட்டது. பெரிய கம்பெனியால் முடிவது, பேர் தெரியாத கடன் ஆப்காரனாலும் முடியும்.

ஆப் செய்கிறவர்களே என்ன சொல்கிறார்கள்?

கூகுள் கணக்கில் நுழைவதற்கு ஆப்புக்குள்ளே பக்கம் திறந்தால், கூகுளே அதை ஏற்பதில்லை. 2016-இல் இந்த அறிவிப்பு வந்தது. 2021-இல் இன்னும் இறுக்கினார்கள். "இந்த ப்ரௌசர் பாதுகாப்பானது அல்ல" என்கிற மாதிரி செய்தி வந்து நின்றுவிடும். பேஸ்புக்கும் ஆண்ட்ராய்டு போனில், வேறு ஆப்களின் உள் சன்னல் வழியாகத் தன் கணக்கில் நுழைவதை 2021 அக்டோபர் 5 முதல் நிறுத்தியது. பாஸ்வேர்டைத் திருட அது வழியாகிறது என்பதுதான் காரணம். தன் ஆப்பில் மற்றவர் பக்கத்தைச் சன்னல் வைத்துக் காட்டுகிறவர்கள், தங்கள் பாஸ்வேர்டு என்று வரும்போது மற்றவர் சன்னலை நம்பவில்லை பார்த்தீர்களா! நாமும் அந்தப் புத்தியையே எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஏன் எல்லாரும் சன்னல் வைக்கிறார்கள்? எல்லாம் கெட்ட எண்ணம் இல்லை. மின் கட்டணம், ரயில் டிக்கெட் போன்ற ஆப்களில் பணம் கட்டும்போது வங்கியின் ஓ.டி.பி. பக்கம் உள்ளேயே திறப்பதுண்டு. வெளியே போய்த் திரும்பி வருகிற அலைச்சல் நமக்கு மிச்சம். ஆப் செய்கிறவர்களுக்கும் ஒரே பக்கத்தை எழுதி எல்லாப் போனிலும் காட்டலாம், வேலை குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. நாம் வெளியே போய்விட்டால் திரும்பி வராமல் போய்விடுவோமோ என்ற பயம். திருவிழாக் கடைக்காரர் வந்தவர்களை உள்ளேயே நிறுத்தப் பார்ப்பாரே, அந்தக் கணக்குதான்.

ஆகவே உள்ளே திறப்பதெல்லாம் மோசடி என்று நினைத்துப் பதற வேண்டாம். செய்தி படிக்க, சமையல் குறிப்புப் பார்க்க, எங்கே திறந்தால் என்ன? ரகசியம் ஒன்றை எழுதும் நேரம் வந்தால்தான் இந்தக் கேள்வி. பாஸ்வேர்டு, ஏ.டி.எம். கார்டு எண், ஆதார் எண், ஓ.டி.பி. இவற்றில் ஏதாவது ஒரு கட்டம் திரையில் தெரிந்தால் விரலை எடுத்துவிட்டு மேலே பாருங்கள்.

பெயர்ப் பலகையை வாசிப்பது எப்படி?

ஒரு குழுவில் இப்படிப் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

"எக்கா, இது பேங்குக்க பக்கம் மாதிரிதான் இருக்கு. பேங்குக்க படமும் போட்டிருக்கு."

"படம் ஆருக்கும் கிடைக்கும் மக்கா. மேல பேரு என்ன எழுதியிருக்கு? அதைச் சொல்லு."

"மேல பேரே இல்லியே. ஒரு பெருக்கல் குறிதான் இருக்கு."

"அப்போ வெளிய வா."

மேலே தெரிய வேண்டிய பெயர் என்பது இணைய முகவரி. ப்ரௌசரில் அது எப்போதும் இருக்கும், தொட்டால் முழுதாகத் தெரியும். ஆப்புக்குள்ளே சன்னலில் அது இருக்கலாம், பாதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆப் செய்தவர் வைத்தால் உண்டு. ஏமாற்றுக்காரர் செய்த ஆப்பாக இருந்தால், முகவரி மாதிரியே ஒன்றை வரைந்தும் வைத்துவிடலாம்.

முகவரியை வாசிப்பதில் ஒரு முறை இருக்கிறது. சென்னையில் "நாகர்கோவில் சிப்ஸ் கடை" என்று பலகை பார்த்திருப்பீர்கள். பெயரில் நாகர்கோவில் இருப்பதால் கடை நாகர்கோவிலில் இருக்கிறது என்று ஆகுமா? கடை எந்த ஊர் என்பதற்கு முகவரியின் கடைசி வரியைத்தான் பார்க்க வேண்டும். இணைய முகவரியும் அப்படித்தான். முன்னால் "எச்.டி.டி.பி.எஸ்." என்று வருவதையும் அதையடுத்த இரண்டு சாய்கோட்டையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு முதலில் வருகிற ஒற்றைச் சாய்கோடு எது என்று பாருங்கள். அதற்கு இடது பக்கம் ஒட்டி இருப்பதுதான் கடைசி வரி. அங்கிருந்து பின்னோக்கி வாசிக்க வேண்டும்.

வங்கிகளுக்கு இது இப்போது சுலபமாகிவிட்டது. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு அறிவிப்பு செய்தது. நம் நாட்டு வங்கிகளின் இணைய முகவரி எல்லாம் "டாட் பேங்க் டாட் இன்" என்றுதான் முடிய வேண்டும் என்றது. 2025 அக்டோபர் 31-க்குள் மாறிக்கொள்ளச் சொன்னது. இந்த முடிவை வேறு யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது, வங்கிகளுக்கு மட்டும்தான் தருகிறார்கள். ஸ்டேட் வங்கி என்றால் "எஸ்.பி.ஐ. டாட் பேங்க் டாட் இன்". அரசுத் துறை என்றால் "டாட் கவ் டாட் இன்" என்று முடியும்.

இப்போது இதைப் பாருங்கள்: "எஸ்.பி.ஐ. டாட் பேங்க் டாட் இன் டாட் கே.ஒய்.சி. டாட் காம்". பேங்க் டாட் இன் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் முடிவது "கே.ஒய்.சி. டாட் காம்" என்று. இது வங்கி இல்லை. பெயரை நடுவில் எங்கே வேண்டுமானாலும் சொருகலாம், கடைசி வரியை மாற்ற முடியாது. எழுதப் படிக்கத் தடுமாறுகிற உறுப்பினர்கூட இந்த ஒன்றை மட்டும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

பூட்டுப் படம் இருந்தால் நல்ல பக்கம் என்று சில பயிற்சிகளில் சொல்லிக் கொடுத்தார்கள். அதை இனி நம்ப வேண்டாம். வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. திருடனும் பூட்டு வாங்குவான். இந்தக் குழப்பத்தால்தான் 2023-இல் குரோம் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு

சில ஆப்களில் லிங்க்கை அமுக்கினால் மேலே ஒரு பட்டையும் அதில் பக்கத்தின் முகவரியும் தெரியும். மூன்று புள்ளியை அமுக்கினால் "குரோமில் திற" என்று வரும். இது குரோமே வந்து ஆப்பின் மேல் விரித்துக் கொடுக்கிற பக்கம். 2015 முதல் இருக்கிறது. ஐபோனிலும் அதே வருஷம் இதே போன்ற ஏற்பாடு வந்தது. இதில் ஆப்காரர் நாம் எழுதுவதைப் பார்க்க முடியாது, நம் சொந்த ப்ரௌசரின் காவல்தான் இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் இது அதுவா, அதைப் போல வரைந்ததா என்று கண்ணால் பார்த்துப் பிரிப்பது படித்தவர்களுக்கே கஷ்டம். அதனால் பணக் காரியம் என்றால், மூன்று புள்ளியைத் தொட்டு வெளி ப்ரௌசரில் திறந்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. இரண்டு தட்டு கூடுதல், அவ்வளவுதானே.

அதைவிட மேலானது, வங்கி அனுப்பியதாக வந்த லிங்க்கைத் தொடாமலே விட்டுவிட்டு, வங்கியின் சொந்த ஆப்பை நாமே திறப்பது.

பின் எண் விஷயம் தனி

யு.பி.ஐ. பின் எண்ணை இணையப் பக்கத்தில் எழுதுகிற வழக்கமே கிடையாது. குரோமிலும் கிடையாது, ஆப்புக்குள் திறந்த பக்கத்திலும் கிடையாது. பீம், ஜி-பே, போன்-பே போன்ற பணம் அனுப்பும் ஆப்பில் வருகிற பின் திரையில் மட்டும்தான் அது. பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையும் இல்லை.

2025 ஜூலையில் மெக்காஃபி என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு மோசடியை விவரித்தது. பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்ததே, அதன் பெயரில் நடந்தது. யூடியூபில் வீடியோ, அதன் கீழே லிங்க். அமுக்கினால் அரசுப் பக்கம் போலவே ஒரு பக்கம். அதில் கூகுள் ப்ளே படம் இருக்கும், தொட்டால் ப்ளே ஸ்டோர் போகாமல் நேராக ஒரு ஆப் இறங்கும். அந்த ஆப் மானியத்துக்குப் பதிவு செய்ய ஒரு ரூபாய் கட்டச் சொல்லி, பின் எண்ணை எழுத ஒரு பக்கம் காட்டும். எழுதியது திருடர்களிடம் போய்ச் சேரும். ஒரு ரூபாய்தானே என்று நினைப்போம். அவர்களுக்கு வேண்டியது அந்த ரூபாய் இல்லை, நான்கு அல்லது ஆறு எண்தான்.

கடன் ஆப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆப்புக்குள் திறக்கும் பக்கத்தில் ரிசர்வ் வங்கியின் முத்திரையைப் போட்டிருந்தால் அதற்கு மதிப்பு இல்லை. ஒழுங்கான நிறுவனங்களின் கடன் ஆப்கள் எவை என்ற பட்டியலை 2025 ஜூலை 1 முதல் ரிசர்வ் வங்கியே தன் இணையப் பக்கத்தில் வைத்திருக்கிறது. ப்ரௌசரில் போய் அங்கே தேடுங்கள். கடன் ஆப் நம் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கேட்டாலே அது வேண்டாத ஆப்.

வேலை கெடுவதும் உண்டு

மோசடியே இல்லாத இடத்திலும் ஆப்புக்குள் திறந்த பக்கம் நம்மைக் கஷ்டப்படுத்தும். விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டு, வந்த ஓ.டி.பி.யைப் பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் சில சமயம் பக்கமே போயிருக்கும். போட்டோ ஏற்றும் பொத்தான் வேலை செய்யாது. சான்றிதழ் டவுன்லோட் ஆகாது. அரைநாள் கூலியை விட்டு உட்கார்ந்து நிரப்பியவளுக்குத்தான் அந்த வருத்தம் தெரியும். அரசு விண்ணப்பம் எதுவானாலும் முதலிலேயே ப்ரௌசரில் திறந்து ஆரம்பியுங்கள்.

தேன், கருப்பட்டி, நேந்திரம் சிப்ஸ் விற்கிற குழுக்களும் இதைக் கவனிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் நீங்கள் போட்ட லிங்க்கை ஒருவர் அமுக்கிப் பொருளைத் தேர்ந்தெடுத்திருப்பார். "யு.பி.ஐ.யில் கட்டு" என்று தொட்டால் ஜி-பே திறக்காமல் நின்றுவிடும். உள் சன்னலுக்கு அந்த வழி தெரியாததுதான் காரணம். வாங்க வந்தவர் உங்களைச் சந்தேகப்பட்டுப் போய்விடுவார். "மேலே மூன்று புள்ளியைத் தொட்டு ப்ரௌசரில் திறக்கவும்" என்று லிங்க்குக்குப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வைத்தால் வியாபாரம் தப்பும்.

இன்னொன்று. ஆண்ட்ராய்டு போனில் எத்தனை ஆப் இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை ஒரே சன்னலைத்தான் பகிர்ந்து பயன்படுத்துகின்றன. ப்ளே ஸ்டோரில் "ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ" என்று இருக்கிறதே, அதுதான். 2021 மார்ச் 22, 23 தேதிகளில் அதற்கு வந்த ஒரு புதுப்பிப்பில் பிழை இருந்ததால் உலகம் முழுக்கப் பல போன்களில் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. போன் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. கூகுள் உடனே சரி செய்து வேறு புதுப்பிப்பு கொடுத்தது. இதைக் கேட்டுவிட்டு, ஐயோ புதுப்பிக்கவே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். வளைகுடாவிலிருந்து மகன் கொண்டுவந்து கொடுத்த பழைய போன்களில் இந்தச் சன்னல் வருஷக் கணக்காகப் புதுப்பிக்காமல் ஓட்டையாகக் கிடக்கும். குரோமைப் புதுப்பிக்கும்போது இதையும் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

டீஃபால்ட் ப்ரௌசர் எது என்று பார்க்க, செட்டிங்ஸ் போய் ஆப்ஸ், அதில் டீஃபால்ட் ஆப்ஸ், அதில் ப்ரௌசர் ஆப். போனுக்குப் போன் சொல் கொஞ்சம் மாறும். ஒரு காலத்தில் நம் ஊரில் யு.சி. ப்ரௌசர் இல்லாத போன் இல்லை. அதுவும் 2020-இல் டிக்டாக்கோடு தடை செய்யப்பட்டது. பழைய போனில் இன்னும் கிடந்தால் நீக்கிவிடுங்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டால்?

தவறான பக்கத்தில் ரகசியத்தை எழுதிவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு வீட்டில் மறைப்பதுதான் பெரிய நஷ்டம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கும் சொல்லிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, ரகசியத்தை நாமே கொடுத்துவிட்டால், வங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் நம் பொறுப்பு. சொன்ன பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. ஒவ்வொரு நிமிஷமும் காசுதான். கணவர் வரட்டும், மகன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குழுவின் சேமிப்புக் கணக்கைப் பார்க்கிற பிரதிநிதிகளின் போனில் இப்படி நடந்தால், அது ஒருத்தியின் பணம் மட்டும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் செய்து பார்க்க

நான்கு பேர் போனை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால் நல்லது. குழுவுக்குக் கணக்கு இருக்கிற வங்கியின் முகவரியைப் பாஸ்புக்கிலோ கிளையிலோ கேட்டு, அந்த லிங்க்கை வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக் மெசஞ்சரிலும் ஒருவருக்கொருவர் அனுப்புங்கள். அமுக்கிப் பாருங்கள். எதில் வெளி ப்ரௌசர் திறந்தது, எதில் உள்ளேயே திறந்தது, பெருக்கல் குறி எங்கே, மூன்று புள்ளி எங்கே, முகவரி எதில் முடிகிறது என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதையும் எழுத வேண்டாம், பார்த்துவிட்டு மூடினால் போதும். யார் போனில் என்ன வந்தது என்பதை ஊக்குநர் ஒரு தாளில் குறித்துக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவரட்டும்.